பாலைவன மழையில் சதுப்பு நிலம்

கேள்வி: வட துருவத்தை ஒட்டிய தூந்திரா நிலத்தில் பாலைவனம் அளவுக்குத்தான் மழை பெய்கிறது என்று படித்தேன். ஆனால் கோடைக்காலப் படங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை குட்டைகளும் சேறுமாகவே இருக்கிறது. இரவும் பகலும் வெயில் அடித்தும் அந்த நீர் ஏன் வற்றுவதில்லை?

பதில்: அலாஸ்காவின் வட முனையில், 71 பாகை வட அட்சரேகையில் இருக்கும் உட்கியாக்விக் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். 2016 வரை பாரோ என்று அழைக்கப்பட்ட ஊர் இது. மழையும் பனியும் சேர்ந்து ஓர் ஆண்டில் அங்கே அளவிடப்படும் நீர் சராசரியாக 15 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மே இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை சூரியன் மறைவதுமில்லை. ஆனால் வெயில் உச்சத்தை நெருங்கும் ஜூன் தொடக்கத்திலும் நிலத்தைப் பனி மூடியிருக்கிறது. புதுப்பனி தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வானுக்கே திருப்பிவிடும். பனி உருகிக் கருத்த நிலம் வெளிப்பட்டதும் திருப்பப்படும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கிவிடுகிறது. அதற்குள் ஆண்டின் மிக வலுவான வெயிலில் கணிசமான பகுதி பயனின்றிப் போயிருக்கும்.

குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி ஓரிரு வாரங்களில் உருகும்போது, அந்த நீர் கீழே இறங்க வழியில்லை. கோடையில் இளகுவது மேலே உள்ள முப்பது, நாற்பது சென்டிமீட்டர் மண் மட்டுமே. பனி உருகும் வேளையில் அதுவும் பெரும்பாலும் உறைந்தே கிடக்கிறது. அதற்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்துக்கு, கோடையிலும் இளகாமல் உறைந்தே கிடக்கும் உறைமண். சரிவான இடங்களில் உருகிய நீர் விரைந்து ஓடிவிடுகிறது. சமவெளியிலோ, மண்ணுக்குள் ஆப்புப்போல் வளர்ந்த பனிக்கட்டி இருபுறமும் மண்ணை உயர்த்திப் பல கோண வடிவங்களாக நிலத்தைப் பிரித்திருப்பதால், வயலில் வரப்பு நீரைத் தேக்குவதைப் போல அந்த விளிம்புகள் நீரைத் தேக்கிவைக்கின்றன. நடுக்கோடையில் ஆவியாகும் நீர் பெரும்பாலும் பெய்யும் மழையைவிட அதிகம். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது வசந்தத்தில் தேங்கிய பனிநீர்தான்.

நிலம் பெறும் நிகர ஆற்றல் மூன்று வழிகளில் செலவாகிறது: நீரை ஆவியாக்க, காற்றைச் சூடாக்க, மண்ணுக்குள் இறங்க. ஈரமான தூந்திராவில் ஆவியாதலுக்கே பெரும்பங்கு போகிறது. ஆயினும் ஒரு கிலோ நீரை ஆவியாக்க சுமார் 2,500 கிலோஜூல் வேண்டும் என்பதாலும், வடக்கே இருக்கும் கடலிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று வீசிக்கொண்டிருப்பதாலும் நீர் வேகமாகக் குறைவதில்லை. மேலும், தரையை மூடியிருக்கும் பாசிக்கு வேர் இல்லாததால், மேற்பரப்பு உலர்ந்துவிட்டால் அது அடிமண்ணின் நீரை உறிஞ்சி வெளியேற்ற முடியாது.

மண்ணுக்குள் இறங்கும் பங்கு சிறியதே என்றாலும் மற்ற நிலப்பகுதிகளோடு ஒப்பிட்டால் அது குறிப்பிடத்தக்க அளவு. கீழே உள்ள குளிர் அதை விடாமல் இழுத்துக்கொள்கிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி மண்ணிலுள்ள பனிக்கட்டியை உருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது: கிலோவுக்கு 334 கிலோஜூல் செலவாகியும் வெப்பநிலை சற்றும் உயராது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இன்னொன்று. பனிக்கட்டி நீரைவிட நான்கு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். கோடையில் உலர்ந்த பாசி வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. குளிர்காலத்திலோ ஈரத்தோடு உறைந்த அதே அடுக்கு மண்ணின் வெப்பத்தைத் தடையின்றி வெளியேற்றுகிறது. உறைமண் நிலைத்திருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: புவி வெப்பமடைந்தால் இந்தக் குட்டைகள் பெருகுமா, வற்றுமா?

பதில்: இரண்டும் நடக்கும், இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. ஆப்புவடிவப் பனிக்கட்டியின் மேற்பகுதி உருகினால் அதன் மேலுள்ள நிலம் தாழ்ந்து பள்ளமாகிறது. தொடக்கத்தில் அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கும். நீர் பனியைவிட அதிக வெயிலை உறிஞ்சுவதால், தேங்கிய இடத்தின் அடியில் உறைமண் மேலும் இளகும். பள்ளங்கள் ஒன்றோடொன்று இணைந்து வாய்க்கால்களாகிவிட்டால், நடுவிலிருந்த குட்டைகளின் நீரும் வடிந்து நிலம் உலர்ந்துபோகும். அன்னா லிலியெடால் என்ற ஆய்வாளரின் தலைமையிலான குழு இந்த மாற்றம் ஆர்க்டிக்கின் பல இடங்களில் நிகழ்வதை 2016-இல் விளக்கியது. அப்படி உலர்ந்த நிலத்தில் ஆவியாதலுக்குச் செலவாகிவந்த ஆற்றலில் ஒரு பகுதி காற்றைச் சூடாக்கப் போகிறது. அதே வேளை, உலர்ந்த பாசி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் அடியிலுள்ள உறைமண்ணுக்குச் சற்றுப் பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆகையால், எத்தனை பாகை வெப்பம் கூடும் என்பதோடு, நீர் எந்தப் பள்ளத்தில் நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது என்பதையும் அளந்தால்தான் ஓரிடத்தின் உறைமண் எவ்வளவு ஆழம் இளகும் என்று கணிக்க முடியும்.