பாப்பாவுக்கு வாங்குன கடல் பஞ்சு செடியா, பிராணியா?

ஆயர் தாவார்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. மூனு மாசப் பாப்பாவுக்கு உடம்பெல்லாம் சொறி, தாமானுக்கு (குடியிருப்புக்கு) வர்ற ஏஜண்டு ‘பங்கோர் தீவுக் கடல் பஞ்சு, பாசிச் செடிதான், கொதிக்க வச்சுத் தேச்சா சொறி போயிரும்’னு 65 வெள்ளிக்குக் கொடுத்துட்டாராம், மாமியார் சுத்த சைவம், உயிரா இருந்தா வீட்ல வேணாங்கிறாங்களாம்.

தங்கச்சி, மாமியார் சந்தேகப்பட்டது சரிதான், அது பிராணி. மூளை இல்ல, வாய் இல்ல, வயிறு இல்ல, பாறையில ஒட்டிக்கிட்டே இருக்கும், அதான் செடின்னு சொல்லி விக்கிறானுங்க. உடம்பு பூரா பொடி ஓட்டை, உள்ளுக்குள்ள சாட்டை மாதிரி வால் ஆட்டுற செல்லுங்க தண்ணிய இழுத்து பாக்டீரியாவ வடிகட்டித் தின்னுட்டு மேல இருக்கிற பெரிய ஓட்டை வழியா வெளிய தள்ளும், ஒரு நாளைக்குத் தன் உடம்பப்போல ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணி. கடல்ல கரைஞ்சு போற சத்தைப் புடிச்சு, செல்லா உதிர்த்து நண்டு புழுவுக்கு ஊட்டுறதும் இதுதான். மலாக்காவுல முட்டை போட வர்ற அழுங்காமைங்கிற கடல் ஆமைக்கு முக்கியத் தீனியே கடல் பஞ்சு.

உங்க கையில இருக்கிறது உண்மையான பஞ்சுன்னா, சதையெல்லாம் அழுகவச்சுக் கழுவி எடுத்தபிறகு மிஞ்சின நார், எலும்புக்கூடு மாதிரி.

‘அடிய விட்டு அறுத்தா திரும்ப வளரும், கொலை இல்ல’ன்னும் ஏஜண்டு சொல்வாரு. திரும்ப வளர்றது உண்மைதான், முருங்கைக் கிளை மாதிரி. ஒழுங்கா அறுக்கிறவங்க அடிப்பாகத்தப் பாறையிலயே விட்ருவாங்க, சில வருசத்துல வளந்துரும், சின்னத் துண்டக் கயித்துல கட்டித் தொங்கவிட்டு வளக்குற பண்ணையும் இருக்கு. ஆனா அறுத்த துண்டு செத்துதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு, அத மாமியார்கிட்ட மறைக்காதீங்க.

இப்ப ஏஜண்டு விஷயம். குளிக்கிற பஞ்சு பெரும்பாலும் மத்தியதரைக் கடல், கரீபியன், ஃபுளோரிடா பக்கத்துச் சரக்கு. பங்கோர் பேரு சும்மா ஒட்டுனதாத்தான் இருக்கும். ஓட்டையெல்லாம் ஒரே அளவா இருந்தா ஃபோம், நீளநீளமா நாரோடினா காஞ்ச பீர்க்கங்காய்க் கூடு. ஓரத்துல துளி கிள்ளி வெளிய வச்சுக் கொளுத்துங்க, உண்மைன்னா முடி கருகுற வாடை வரும், பிளாஸ்டிக்னா உருகிச் சொட்டும். கொதிக்க வச்சீங்கன்னா நல்ல பஞ்சுகூடச் சுருங்கி வெறைச்சுப் போயிரும், இதுகூடத் தெரியாதவன் குழந்தைக்கு வைத்தியம் சொல்றான்!

இப்படி வித்த ஒரு ஏஜண்டு மேல நானே ஒரு தடவை புகார் எழுதிக் கொடுத்தேன். மருந்தா, இல்ல, சாப்பாடா, இல்ல, அப்ப எங்க வேலை இல்லன்னு மூனு கவுண்டர் மாத்தி அனுப்புனாங்க, அதுக்குள்ள அந்த ஆளு தாமானே மாத்திட்டான்.

காசு மிச்சம்னு கடற்கரையில கெடக்குறதப் பொறுக்கிடாதீங்க, நெறைய வகையில கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஊசி இருக்கு, தோல்ல ஏறிடும்.

சொறி இருக்கிற தோல எதாலயும் தேய்க்கவே கூடாது, ஈரமா தொங்குற பஞ்சுல கிருமி வேற வளரும். கிளினிக்ல பாப்பாவக் காட்டுங்க, அதுவரைக்கும் வெதுவெதுப்பான தண்ணியில வெறுங்கையாலயே குளிப்பாட்டி பழைய பருத்தி வேட்டியில ஒத்தி எடுங்க.