லேப்டாப் வயசப் பாக்காத கண்ணு, பரீட்சை ஹால்ல நிக்குமான்னு பாரு

பெருந்துறைல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்குது. "அக்கா, ஆகஸ்ட்ல சிகாகோவுக்கு சட்டத்துல மேல்படிப்பு, எல்எல்எம் படிக்க வாரேன். என்ற லேப்டாப் 2019-ல வாங்குனது, ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். பேட்டரி ஒரு மணி நேரம் கூட நிக்கறதில்ல. புதுசு மாத்திட்டு வரட்டுமா, இல்ல அங்க வந்து வாங்கிக்கட்டுமா? அப்படியே ரூமு, குளிருக்குத் துணி, சமையல் சாமான் பத்தியும் சொல்லுங்க"ன்னு.

கடைசியா கேட்டத மொதல்ல முடிச்சுடறேன். கோட்டு இங்க வந்து வாங்கிக்க, நம்மூர்ல விக்கறது இந்தக் குளிருக்குப் பத்தாது. மிக்ஸி தூக்கிட்டு வராத, இங்க கரண்டு 120 வோல்ட், நம்மூர் மிக்ஸி ஓடாது. ரூமு பத்தி நூறு பேரு சொல்லுவாங்க. லேப்டாப் பத்தித்தான் எனக்குச் சொல்ல நெம்ப இருக்குது, ஏன்னா 2008-ல இதே கேள்வியோட நான் நின்னப்ப பதில் சொல்ல ஒருத்தர் இல்ல.

நான் கோபிப் பக்கம். கோயமுத்தூர்ல பி.எல். முடிச்சுப்போட்டு 2008 ஆகஸ்ட்ல இங்க வந்தேன். எங்கய்யன் மஞ்சள் வித்த காசும் பேங்க் லோனும் சேந்துதான் ஃபீஸு. அப்ப டாலர் 43 ரூபா பக்கம். நான் வந்து எறங்குன அடுத்த மாசமே லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய பேங்க் கவுந்து போச்சு, மார்ச்சுக்குள்ள டாலர் 50-ஐத் தாண்டிருச்சு, ஊர்ல கணக்குப் போட்டு வெச்சிருந்த பணம் அத்தனையும் இங்க சுருங்கிப் போச்சு. அந்த நெலமைல புது லேப்டாப்புக்கு எங்க போக? கையில இருந்தது, கெளம்பறதுக்கு முந்தி காந்திபுரத்துல ஒரு கடைல எடுத்த செகண்ட் ஹேண்ட் ஒண்ணுதான். "ஆபீஸ்ல வெச்சிருந்ததுங்க, மூணு மணி நேரம் பேட்டரி நிக்குமுங்க"ன்னு கடைக்காரரு சொன்னாரு, நானும் நம்பிட்டேன். வெளிய பாத்தா பளபளன்னு இருந்துச்சு. சேரன் எக்ஸ்பிரஸ்ல ஈரோட்டுல ஏறுறப்ப அத மடில வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன், ராத்திரி பூரா தூங்கல, யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்களோன்னு.

இங்க வந்து பாத்தா பேட்டரி இருவது நிமிசம். சரி, சார்ஜர் குத்தி வெச்சே ஓட்டிக்கலாம்னு செமஸ்டர ஓட்டிட்டேன். டிசம்பர்ல மொதப் பரீட்சை, கான்ட்ராக்ட்ஸ். நம்மூரு மாதிரி பேனாவுல எழுதறதில்ல கண்ணு, சொந்த லேப்டாப்ல பரீட்சை சாஃப்ட்வேர் ஒண்ணப் போட்டுக்கணும், அது ஆரம்பிச்சதும் மத்ததெல்லாம் லாக் ஆயிரும், இன்டர்நெட் கெடையாது, ஃபைலு கெடையாது, அதுக்குள்ளயே டைப் அடிச்சு முடிச்சு அப்பறம் அப்லோட் பண்ணணும். நாப்பதாவது நிமிசம் லேப்டாப் சூடாகி பட்டுன்னு அணைஞ்சு போச்சு. மறுபடி போட்டேன், அஞ்சு நிமிசம், மறுபடி அணைஞ்சுது. பக்கத்துல எல்லாரும் தடதடன்னு அடிச்சுட்டு இருக்கறாங்க, எனக்குக் கையி காலெல்லாம் நடுங்குது. மேற்பார்வைக்கு இருந்தம்மா நீல அட்டை போட்ட ஒரு நோட்டக் கொண்டாந்து குடுத்து, இதுல எழுதுன்னாங்க.

எழுதினேன். மூணு மணி நேரம் நிக்காம எழுதற பழக்கம் கோயமுத்தூர்ல வந்தது, அடிஷனல் ஷீட்டு வாங்கி வாங்கிக் கட்டுன கையி. மிச்சமிருந்த நேரத்துல ரெண்டு நோட்டு ரொப்பினேன். அத இன்னிக்கும் பெருமையாத்தான் சொல்லுவேன், இங்கயே பொறந்து வளந்த புள்ளைங்களால அது ஆகாது. ஆனா மொத நாப்பது நிமிசம் அடிச்சது லேப்டாப்புக்குள்ள மாட்டிக்கிச்சு, அத எடுத்துக் குடுக்க நாலு நாளாச்சு. அந்த நாலு நாளும் நான் ஊருக்கு போன் பண்ணல. எங்கய்யன் கொரலக் கேட்டா அழுதுருவேன்னு தெரியும்.

அப்பறம் கீழ் வீட்டுல இருந்த மதுரைத் தம்பி ஒருத்தன், என்ஜினீயரிங் படிச்சவன், ஸ்க்ரூ டிரைவர் வெச்சு அதத் தொறந்தான். ஃபேனு சுத்தியும் வெள்ளையா பஞ்சு, திண்டு மாதிரி அடஞ்சு கெடக்குது. அதப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க மாமா வீடு திருப்பூர்ல, பனியன் கம்பெனிக்குள்ள கெடக்கற கம்ப்யூட்டர்ல அந்தப் பஞ்ச சின்ன வயசுல இருந்து பாத்திருக்கறேன். ஆபீஸ்ல இருந்ததுன்னு சொன்னது கட்டிங் டேபிளுக்குப் பக்கத்துல இருந்த ஆபீஸு போல. பழைய பெயிண்ட் பிரஷ் வெச்சு அதையெல்லாம் எடுத்துப் போட்டான், அதுக்கப்பறம் அந்த லேப்டாப் ஒரு வருஷம் ஒழைச்சுது. அதே லேப்டாப்புதான். வயசு அதோட குத்தமில்ல, உள்ள என்ன இருக்குதுன்னு நான் பாக்காததுதான் குத்தம்.

அதனால உனக்குச் சொல்றேன், ஆறு ஏழு வருஷம் ஆயிருச்சேன்னு வெசனப்படாத. இந்த லேப்டாப் எத்தன நாளைக்குத் தாங்கணும், அத யோசி. எல்எல்எம்ங்கறது ஒம்பது மாசம். வக்கீலாகறதுக்கு நியூயார்க் பார் எக்ஸாம் எழுதறதுன்னா அடுத்த ஜூலை கடைசி வரைக்கும். மொத்தத்துல ஒரு வருஷம். மூணு வருஷ ஜேடி, அதாவது இங்கத்த மொத வக்கீல் படிப்பு, படிக்க வாரவங்களா இருந்தா நானே மாத்திக்கன்னு சொல்லியிருப்பேன், உனக்கு அப்படி இல்ல.

சட்டப் படிப்புக்கு பெரிய மெஷின் வேண்டியதில்ல. கேஸ் தீர்ப்பு தேடற வெஸ்ட்லா, லெக்ஸிஸ் ரெண்டுமே பிரவுசர்ல ஓடறது, லா ஸ்கூல்லயே உள்ள போறதுக்கு ஐடி குடுத்துருவாங்க. வேர்டு, பிடிஎஃப், இருவது முப்பது டேபு, இதுதான் நாள் பூரா வேல. கேமிங் லேப்டாப் வாங்கிட்டு வந்து முதுகுல செமந்துட்டுப் போற பசங்கள வருஷா வருஷம் பாக்கறேன், கேஸ்புக்குங்கற பாடப் புஸ்தகம் ஒண்ணே செங்கல் மாதிரி இருக்குது, அதோட இதையும் தூக்கிட்டு பனில நடக்கணும்.

விண்டோஸ் 10-க்கு செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்டு, டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்புச் சிப்பும் வேணும். உன்றது எட்டாவது, விளிம்புல தப்பிச்சிருக்கற. இன்னும் 10-ல இருந்தா இப்பவே மாத்து, இங்க வந்து பரீட்சைக்கு முந்தின நாளு மாத்தற வேல வெச்சுக்காத.

அடுத்தது அந்த பழைய ஹார்ட் டிஸ்க். அதுதான் உன்ற லேப்டாப்ப கெழவியாக்கி வெச்சிருக்கறது. அதத் தூக்கிப் போட்டுட்டு எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க் போடு, ராம் எச்சா போட எடமிருந்தா 16 ஜிபி ஆக்கு, பேட்டரிய ஒரிஜினலாப் பாத்து மாத்து, ஃபேனக் கழட்டி க்ளீன் பண்ணச் சொல்லிப் பக்கத்துல நின்னு பாரு. இது எல்லாமே ஈரோட்டுலயோ கோயமுத்தூர்லயோ முடிச்சுட்டு வா. இங்க சாமான் வெல ஒண்ணும் பெருசில்ல, ஆனா ஒருத்தரு அதக் கையில தொடறதுக்கே கூலி கேப்பாங்க பாரு, அதுலயே பாதி லேப்டாப் வாங்கிரலாம். பேட்டரி உப்பியிருந்தா அதோட ஏரோப்ளேன் ஏறவே கூடாது, இது வெளையாட்டில்ல. லேப்டாப்பும் பவர் பேங்கும் கைப்பைல, செக் இன் பெட்டில வேண்டாம்.

பேட்டரி எப்படி இருக்குதுன்னு கடைக்காரர் வாயக் கேக்காத. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அதுல வாங்குனப்ப எவ்ளோ புடிச்சுது, இப்ப எவ்ளோ புடிக்குதுன்னு ரெண்டும் நம்பரா வரும். பாதிக்குக் கீழ போயிருந்தா மாத்திரு.

அட்மிஷன் குடுத்த ஸ்கூல்ல எந்தப் பரீட்சை சாஃப்ட்வேர்னு கேட்டுக்க, நெறைய எடத்துல எக்ஸாம்ப்ளிஃபை. அவங்க வெப்சைட்ல எந்தெந்த மெஷின் ஆகும்னு லிஸ்ட் இருக்கும். குரோம்புக்ல அது ஓடாது, லினக்ஸ்லயும் ஓடாது. இப்ப ஸ்நாப்டிராகன் சிப்பு போட்டு விண்டோஸ் லேப்டாப் வருதே, அது நல்லா பேட்டரி நிக்கும்னு சொல்லி விப்பாங்க, ஆனா உங்க ஸ்கூல் லிஸ்ட்ல அது இருக்குதான்னு பாக்காம பணத்தக் கட்டிராத. ரிப்பேர் எல்லாம் முடிச்சப்பறம் வீட்டுல உக்காந்து மூணு மணி நேரம் நிக்காம டைப் அடிச்சுப் பாரு, நம்மூரு மே மாசச் சூட்டுல லேப்டாப் அணையாம ஓடுச்சுன்னா இங்க டிசம்பர்ல ஒண்ணும் ஆகாது. இங்க வந்து ஐடி கெடச்சதும் சாஃப்ட்வேர்ல மாக் எக்ஸாம் ஒண்ணு இருக்கும், மொத வாரத்துலயே எழுதிப் பாத்துரு. நான் அதப் பண்ணியிருந்தா அந்த நாலு நாளு எனக்கு வந்திருக்காது.

கீல் ஒடஞ்சிருக்கு, இல்ல விண்டோஸ் 11 ஏறவே மாட்டேங்குதுன்னா அப்ப புதுசு வாங்கு, தப்பில்ல. ஊர்ல வாங்குனா கெளம்பறதுக்கு ஒரு மாசம் முந்தி வாங்கு, கோளாறு இருந்தா அங்கயே தெரிஞ்சு போகட்டும், வெளிநாட்டுல வாரண்டி செல்லுமான்னு எழுத்துல வாங்கிக்க. இங்க வாங்குனா ஜூலை ஆகஸ்ட்ல ஸ்டூடண்ட் தள்ளுபடி இருக்குது, ஆனா போட்டிருக்கற வெலைக்கு மேல சிகாகோல பத்து சதவீதத்துக்கு மேல டேக்ஸ் வரும், அதையும் சேத்துக் கணக்குப் போடு. 8 ஜிபி வாங்காத, இப்ப வாரதுல நெறைய ராம் போர்டுலயே ஒட்டி வருது, அப்பறம் ஏத்த முடியாது. சார்ஜர் ஊர்ல இருந்தே ஆகும், அது மேல 100-240னு போட்டிருக்கும், சுவத்துல குத்தற வயர மட்டும் இங்க மாத்திக்க.

பேங்க்ல லேப்டாப்பையும் எஜுகேஷன் லோன்லயே சேத்துக்கலாம்பாங்க. சேத்துக்கலாம்தான். ஆனா வட்டி ஓடறது உன்ற அய்யன் தலைல. ரெண்டு லட்சத்துக்கு ஆப்பிள் லேப்டாப் வாங்கிட்டு வந்து, நவம்பர் மாசம் அரிசி வாங்கக் காசில்லாம எங்க வீட்டுக்கு வந்த புள்ளைங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும். அரிசியும்பருப்பு சாதம் ஆக்கிப் போட்டேன், சாப்புட்டுட்டு அந்தப் பொண்ணு அழுதுருச்சு. அதுக்கு அத வாங்கச் சொன்னது இங்க பதினஞ்சு வருஷமா இருக்கற அதோட ஒறம்பரதான். நல்ல சம்பளத்துல இருக்கறவங்களுக்கு, மொத வருஷம் எப்படி இருந்துச்சுன்னு மறந்து போயிருது.

இன்னொண்ணும் சொல்லணும், மனசுல நெம்ப நாளா இருக்குது. நான் வந்த புதுசுல, சிகாகோல நம்ம நாட்டுக் கடைங்க இருக்கற டெவன் அவென்யூல சாமான் வாங்கப் போனா நம்ம பக்கத்து ஆளுங்க யாராச்சும் பாப்பாங்க. எந்த ஊரு, எந்தக் கூட்டம், அய்யன் பேரு என்ன, எத்தன ஏக்கரா, எல்லாம் விசாரிப்பாங்க. பரீட்சை எப்படி இருக்கும், என்ன வேணும்னு ஒருத்தர் கேக்கல. அதுல ரெண்டு பேரு வக்கீலு. கேட்டது வாங்கிட்டு வாரதுக்கு மட்டும் புதுசா வாரவங்க வேணும், மொளகாப்பொடி, பட்டுச் சேலை, அவங்க பசங்களுக்கு மருந்து. உன்கிட்டயும் கேப்பாங்க. 23 கிலோ பெட்டி உன்றது, மொதல்ல உன்ற சாமான வை.

அந்த மதுரைத் தம்பிக்கு நான் எந்த ஊருன்னே ரெண்டு மாசங்கழிச்சுத்தான் தெரியும். இப்ப டெக்ஸாஸ்ல இருக்கறான், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்றான். 2010-ல மஞ்சள் வெல ஏறுனப்ப எங்கய்யன் லோன்ல பாதி அடச்சுப்போட்டு, எனக்குப் புது லேப்டாப் வாங்கிக்கன்னு பணம் அனுப்புனாரு. அப்ப நான் வேலைல சேந்துட்டேன், வேண்டாம்னு சொன்னா கேக்கல. அந்தப் பழையதத் தூக்கிப் போட மனசில்லாம, ஊருக்குப் போனப்ப அம்மாயி வீட்டு அட்டாலில வெச்சுட்டு வந்தேன். மாமன் பையன் அதுல ப்ளஸ் டூ ப்ராஜெக்ட் பண்ணுனான்.

நாளைக்கு பேட்டரி ரிப்போர்ட் எடுத்து அந்த ரெண்டு நம்பரையும் போடு கண்ணு, ஸ்கூலோட லிஸ்ட்டையும் போடு. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு, ஒக்காந்து பாத்துச் சொல்றேன்.