பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐ: கேள்வி பதில்

பையன் ப்ளஸ் ஒன் வேண்டாம், ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) போகிறேன் என்கிறான். பின்னால் மேலே படிக்க நினைத்தால் வழி அடைபட்டுவிடுமா? (ஒரு தாய், விழுப்புரம்)

அடைபடாதும்மா. ஆனால் இரண்டு வருடப் பிரிவாகப் பார்த்துச் சேருங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு வருடம். முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. ப்ளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்றும் வாங்கலாம். இந்தத் தேர்வைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்; விடக்கூடாது. வெல்டர் ஒரு வருடப் படிப்பு. சீக்கிரம் சம்பாதிக்கலாம், ஆனால் மேலே சொன்ன வழிகள் அதில் இல்லை.

எட்டாவதோடு நின்றுவிட்டேன் அண்ணா. வயது 19. ஐடிஐ சேர முடியுமா?

வயர்மேன், வெல்டர் இரண்டுக்கும் எட்டாவது போதும் தம்பி. வயர்மேன் இரண்டு வருடம் என்பதால் அதையே எடுங்கள். முடித்ததும் பத்தாவது தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்று கிடைக்கும். ஆண்களுக்கு 40 வயதுவரை இடமுண்டு, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, ஷூ, புத்தகம் எல்லாம் தருகிறார்கள். தனியார் என்றால், நீங்கள் சேரும் பிரிவுக்கே மத்திய அரசு (என்.சி.வி.டி.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஃபிட்டர் முதல் வருடம். எவ்வளவு ஃபைல் (அரம்) போட்டாலும் ஜாப் (தேய்க்கும் உலோகத் துண்டு) நடுவில் மேடாகவே நிற்கிறது. ஏன் சார்?

ஃபைல் ஊஞ்சல் ஆடுகிறது. இரண்டு கையும் கடைசிவரை ஒரே அளவு அழுத்தினால் ஓரங்கள் தேயும், நடு அப்படியே நிற்கும். தள்ள ஆரம்பிக்கும்போது இடது கைக்கு அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டுக்கும் சமம், முடியும்போது வலது கைக்கு அதிகம். திரும்பி இழுக்கும்போது அழுத்தவே கூடாது. ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். உயரம் பொருந்தாவிட்டால் எவ்வளவு பழகினாலும் கை நேராக வராது. முதலில் சொரசொரப்பான பாஸ்டர்ட் ஃபைல், பிறகு நடுத்தரமான செகண்ட் கட், கடைசியில் மென்மையான ஸ்மூத். பற்களில் துகள் அடைத்தால் ஜாப்பில் கீறல் விழும், ஃபைல் கார்டால் (கம்பித் தூரிகை) துடைத்துச் சாக்பீஸ் தேயுங்கள். ட்ரை ஸ்கொயரை (செங்கோண மட்டம்) ஜாப்பின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். அதை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் ஃபைல் போடுங்கள்.

பாஸ் மார்க் எவ்வளவு?

செய்முறைக்கு 60 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 33. வருகை 80 சதவீதம் இல்லையென்றால் தேர்வே எழுத முடியாது.

முடித்ததும் நேராக வேலைக்குப் போகலாமா?

முதலில் அப்ரண்டிஸ் (வேலையிடத்தில் தொழில் பழகுநர் பயிற்சி) போங்கள். அதன் முடிவில் தேர்வில் தேறினால் என்.ஏ.சி. (தேசியத் தொழில் பழகுநர்) சான்று கிடைக்கும், ரயில்வேயின் கடைநிலையான லெவல் 1 பணிகளில் 20 சதவீத இடம் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கே. உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) வேலைக்குப் பத்தாவதும் உரிய பிரிவில் ஐடிஐயும் போதும். இதற்கெல்லாம் ஐடிஐ சான்றில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் பத்தாவது மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். சேர்ந்த வாரத்திலேயே அலுவலகத்தில் உங்கள் பதிவைக் கேட்டு வாங்கி எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். சான்று அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.