குமுளி மேடு ஏற எத்தனை சிசி வேண்டும்?

தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணே, எனக்கு ஆனக்கரைப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். வாரத்தில் ஐந்து நாள் அடிவாரத்து லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மேடு ஏறிப் போய் வருகிறேன். கூட நாலு ஆட்கள் வருவார்கள். உரம் போடும் சமயத்தில் ஆறு மூட்டை வரை ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மதுரை, பழநி. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும். பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு புது டீசல் வண்டி எடுக்கப் பார்க்கிறேன். ஒன்றரை லிட்டர் என்ஜின் மலைக்குத் தாங்காது, 2.2 லிட்டருக்குக் கீழே பார்க்காதே என்கிறார் மச்சான். பெரிய என்ஜின் டீசலைக் குடித்தே கொன்றுவிடும் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் பாதி பாதி சரி. முதலில் மச்சான் விஷயத்தைப் பார்ப்போம்.

சிசி என்பது என்ஜின் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, அவ்வளவுதான். அது உழைக்கும் காலத்தைச் சொல்லாது. அதற்கு நான் பார்க்கும் கணக்கு வேறு: ஒரு லிட்டர் கொள்ளளவிலிருந்து எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) பிழிந்து எடுக்கிறார்கள்? நம் மலையில் ஓடிய பழைய ஜீப்புகளில் பியூஜோ வழி வந்த 2,112 சிசி என்ஜின் இருந்தது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது, தந்ததே 62 எச்.பி.தான். லிட்டருக்கு 30 கூட வரவில்லை. இன்னோவாவின் பழைய 2.5 லிட்டர் என்ஜின் 102 எச்.பி., லிட்டருக்கு 41. டாக்சிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியும் அது அசராததற்கு இதுவும் ஒரு காரணம். மச்சான் மனதில் இருப்பது இந்தத் தலைமுறை வண்டிகள். அவர் அனுபவம் பொய்யில்லை, காலம்தான் மாறிவிட்டது.

இப்போது புது வண்டிகளுக்கு இதே கணக்கைப் போடுங்கள். பொலேரோவின் 1,493 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் 75 எச்.பி. தருகிறது. லிட்டருக்கு 50. ஸ்கார்பியோ கிளாசிக்கின் 2,184 சிசி என்ஜின் 132 எச்.பி., லிட்டருக்கு 60. அதே 2.2 லிட்டரை ஸ்கார்பியோ என் வண்டியின் மேல் மாடல்களில் 175 எச்.பி.க்கு ஏற்றியிருக்கிறார்கள், லிட்டருக்கு 80. ஆக, இந்த மூன்றில் குறைவாகக் கசக்கப்படுவது மச்சான் பயப்படும் அந்தச் சின்ன என்ஜின்தான்.

இன்னொரு உதாரணம் தமிழ்நாட்டு எல்லையின் அந்தப் பக்கம், தடாவைத் தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில் இருக்கிறது. அங்கே உள்ள இசுசு தொழிற்சாலையில் 2.5 லிட்டர் என்ஜினோடு ஒரு பிக்கப் செய்கிறார்கள், 78 எச்.பி. வி-கிராஸ் என்ற வண்டிக்கு 1.9 லிட்டர் என்ஜின், அது தருவது 160க்கும் மேல். சின்னது பெரியதைப் போல இரண்டு மடங்கு தருகிறது. முன்னது லோடுக்காக நிதானமாக வைக்கப்பட்டது. பின்னது வேகத்துக்காக முறுக்கப்பட்டது. வெறும் சிசியைப் பார்த்து என்ன முடிவுக்கு வர முடியும், சொல்லுங்கள்.

ஒன்றரை லிட்டர் என்ற அளவே பொறியாளர் ஆசைப்பட்டு வைத்ததில்லை. அது வரி போட்ட கோடு. நாலு மீட்டர் நீளத்துக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்பது பல வருஷமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. என்ஜின் சின்னதானதற்கு இதுதான் பெரிய காரணம். உங்கள் பையிலும் இது பெரிய வித்தியாசம்.

இப்போது மகன் பேச்சு. பெரிய என்ஜின் எவ்வளவு குடிக்கும்?

லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையத்துக்கு இறங்கும் அந்த ராட்சதக் குழாய்களைத் தினமும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மலையிலிருந்து இறங்கி மின்சாரம் கொடுக்கிறது. நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் ஆட்களையும் மூட்டையையும் ஏற்றுகிறீர்கள். கீழிருந்து குமுளிக்கு உயரம் ஏறக்குறைய 500 மீட்டர். வண்டி, ஆள், லோடு எல்லாம் சேர்த்து இரண்டரை டன் என்று வைத்தால், அந்த எடையை அத்தனை உயரம் தூக்கவே சுமார் 12 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது 36. அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்ல என்ஜின். அப்படியானால் உயரம் ஏற மட்டும் ஒரு லிட்டர். என்ஜின் ஒன்றரை லிட்டராக இருந்தாலும் இரண்டரையாக இருந்தாலும் இந்த ஒரு லிட்டரிலிருந்து தப்ப முடியாது. பெரிய வண்டி 200 கிலோ கூடுதல் எடை என்றால், ஒரு ஏற்றத்துக்கு 80 மில்லி கூடும். ஒரு டீ கிளாஸ்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? சமவெளியில். கம்பத்திலிருந்து தேனிக்கு லோடு இல்லாமல் போகும்போது பெரிய என்ஜின் தன் பாகங்களைச் சுழற்றவே கொஞ்சம் டீசலைச் செலவழிக்கும். டிராஃபிக்கில் நின்றாலும் அப்படித்தான். ஒரு கணக்குக்கு, சின்னது லிட்டருக்கு 14, பெரியது 12 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 15,000 கிலோமீட்டருக்கு வருஷத்துக்கு 180 லிட்டர் போல அதிகம். பெரிய தொகைதான், ஆனால் மகன் சொல்வது போல ஆளைக் கொல்லும் தொகை இல்லை. அப்புறம், 2023 ஏப்ரலில் கேரளா லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டதை நீங்களும் அறிவீர்கள். டேங்கைக் கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

டர்போ பெட்ரோல் வண்டியை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொடர்ந்து லோடோடு ஏறும்போது வெப்பத்தைக் குறைக்க அது கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜ் படுத்துவிடும்.

சரி, மலையில் சின்ன என்ஜினுக்கு என்னதான் குறை? ஏறும் பலத்தில் குறை இல்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஏற்றத்துக்கு வேண்டியது 25 எச்.பி. அளவுதான். 62 எச்.பி. ஜீப் இத்தனை வருஷம் ஏறியதே சாட்சி. குறை தெரிவது கொண்டை ஊசி வளைவில், முன்னால் போகும் பஸ் நின்று நீங்களும் நின்று, மறுபடி நகரும் அந்த நிமிஷத்தில். டர்போ காற்றைத் தள்ள ஆரம்பிப்பது என்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் சுற்றும்போதுதான். அதற்குக் கீழே ஒன்றரை லிட்டர் என்ஜின் வெறும் ஒன்றரை லிட்டர் என்ஜின்தான், புல்லிங் இருக்காது. டிரைவர் என்ன செய்வார்? பாதி கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிப்பார். தேய்வது கிளட்ச் பிளேட். என் பட்டறைக்கு மலை வண்டிகள் 'என்ஜின் போச்சு' என்று வரும்போது பாதிக்கு மேல் கிளட்ச்தான் போயிருக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சைப் பிடிக்கவிட்டு, அப்புறம் பிரேக்கை விடுகிற பழைய ஜீப் டிரைவர்களின் வழக்கத்தை விடாதீர்கள். இறங்கும்போது நியூட்ரலும் வேண்டாம். கியரில் இறங்கி ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய என்ஜின் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடிக்கும், பிரேக்கும் சூடேறும்.

என்ஜினை உண்மையிலேயே கொல்வது இரண்டு. ஒன்று, ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பிவிடுவது. போன வருஷம் ஒரு வண்டியின் டர்போவைக் கழற்றினேன். ஷாஃப்டைச் சுற்றி ஆயில் கருகிப்போய், அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. விசாரித்தால், அவர் தினமும் குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வந்து நிறுத்தியதும் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டிருந்தால் போதும், ஆயில் ஓடி டர்போ ஆறியிருக்கும்.

இரண்டாவது, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல்களில் இருக்கும் புகை வடிகட்டி, டிபிஎஃப். அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ஆனால் புகைக்குழாய் நன்றாகச் சூடாகி கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். மலை ஏறும்போது அந்தச் சூடு கிடைக்கும், கவலையில்லை. தோட்டத்து மண் பாதையில் ஊர்ந்துகொண்டு, காய் மூட்டை கட்டும் வரை ஏசியோடு ஐடிலில் நிறுத்தி வைத்தால்தான் அடைக்கும். எரிப்பு பாதியில் நின்றால் அதற்காகத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். கூடியிருந்தால் அதைவிடப் பயப்பட வேண்டும். மாசம் இரண்டு தடவை எடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் வண்டி. ஐந்து பேரும் ஆறு மூட்டையும் ஒரே நேரத்தில் என்றால் அறுநூறு கிலோவைத் தாண்டும். அது இந்த அளவு எஸ்யுவி எதற்குமே அதிகம்தான், 2.2 லிட்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்ஜின் இழுத்துவிடும், பிரேக்கும் ஸ்பிரிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. பிக்கப் வாங்கினால் லோடு ஏறும், ஆனால் பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம், ஞாயிற்றுக்கிழமை பழநியும் போக முடியாது. உரம் போடுவது வருஷத்தில் சில நாள். அந்த நாட்களுக்கு ஒரு பிக்கப்பை வாடகைக்குப் பிடித்து மொத்தமாக ஏற்றிவிடுங்கள். மற்ற நாளுக்கு, ஆட்கள் மட்டும் ஏறும் தினசரி ஓட்டத்துக்கு, 75 எச்.பி. ஒன்றரை லிட்டர் போதும். வரியிலும் டீசலிலும் மிச்சமாகும் காசில் வாடகை எத்தனையோ தடவை கொடுக்கலாம். இல்லை, மதுரை ரோட்டில் லாரியை முந்தும்போது கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று குடும்பம் கேட்டால், 132 எச்.பி. 2.2 எடுங்கள். 175 எச்.பி. உங்கள் வேலைக்குத் தேவையே இல்லை.

எதை எடுத்தாலும் ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவை ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு ஆட்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, லோயர் கேம்ப்பிலிருந்து மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். நடு வளைவில் பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் எடுத்துப் பாருங்கள். கிளட்ச் வாடை அடிக்கிறதா, குமுளி போய்ச் சேரும்போது வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.