கேளுங்கள் சொல்கிறோம்: முதலில் அடிமட்டத்தை எடுங்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துப்பாக்கிச் சூட்டுக் கேம்களைப் பற்றியவை, அதிலும் மவுஸ் சென்சிட்டிவிட்டி, அதாவது மவுஸை நகர்த்தினால் கேமில் உங்கள் ஆள் எவ்வளவு திரும்புகிறான் என்பது. பள்ளிக்கூட விடுமுறை என்பது கடிதங்களைப் பார்த்தாலே விளங்குகிறது. பிரின்டரும் வைரசும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, மூன்று வருடமாகக் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுகிறேன். 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1.6. இப்போது கூட்டாளிகள் எல்லோரும் வலோரன்டுக்குப் போய்விட்டார்கள். நானும் போய் அங்கே அதே 1.6ஐப் போட்டேன், மவுஸைத் தொட்டாலே ஆள் பம்பரம் மாதிரிச் சுற்றுகிறான். எத்தனை போடவேண்டும்?
வாசகர், வெள்ளவத்தை

0.503. போட்டுவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள் தம்பி.

மவுஸுக்கு டிகிரியும் தெரியாது, சென்டிமீட்டரும் தெரியாது. நகர நகர "ஒன்று, இன்னொன்று, இன்னொன்று" என்று கொம்பியூட்டருக்கு எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. 800 டிபிஐ என்றால் ஓர் அங்குலம் நகர்த்தும்போது 800 தடவை சொல்கிறது. அப்படிச் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் உங்கள் ஆளை எத்தனை டிகிரி திருப்புவது என்பதைக் கேம்தான் தீர்மானிக்கிறது, அதை ஒவ்வொரு கேமும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்து வைத்திருக்கிறது. சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தால் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஓர் எண்ணுக்கு 0.022 டிகிரி, வலோரன்டில் 0.07 டிகிரி. கிட்டத்தட்ட 3.18 மடங்கு. அதனால் உங்கள் 1.6ஐ 3.18ஆல் வகுத்தால் 0.503.

இந்த 0.022 எங்கிருந்து வந்தது என்பது ஒரு நல்ல கதை. 1996இல் வந்த குவேக் கேமிலேயே இந்த எண் இருக்கிறது. அதன் என்ஜினை, அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, எடுத்து மாற்றித்தான் 1998இல் ஹாஃப் லைஃப் செய்தார்கள், ஹாஃப் லைஃபின் மேல் ரசிகர்கள் கட்டியதுதான் கவுண்டர் ஸ்ட்ரைக். அந்த வம்சத்தில் வந்த சோர்ஸ் என்ஜினை மாற்றிச் செய்தது 2019இன் அபெக்ஸ் லெஜெண்ட்ஸ். ஆகவே கவுண்டர் ஸ்ட்ரைக்கின் 1.6 அபெக்ஸிலும் அதே 1.6தான், ஒன்றும் மாற்றவேண்டாம். வலோரன்ட் வேறு வீட்டுப் பிள்ளை, அன்ரியல் என்ஜின். ஓவர்வாட்ச் இன்னொரு வீடு, அங்கே ஓர் எண்ணுக்கு 0.0066 டிகிரி, உங்கள் 1.6 அங்கே 5.33 ஆகும்.

ஆனால் இந்த மடங்குகளைப் பாடமாக்கிக்கொண்டு திரியாதீர்கள். நாளைக்கு ஒரு புதுக் கேம் வரும், அதில் 1 முதல் 100 வரை இழுக்கிற பட்டை ஒன்று மட்டும் இருக்கும், உள்ளே என்ன எண் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எல்லாக் கேமுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிற்க உங்கள் கை மேசையில் எத்தனை சென்டிமீட்டர் போகிறது. கணக்குப் போட விரும்பினால், 914.4ஐ எடுத்து (360 டிகிரியை அங்குலத்துக்கான 2.54ஆல் பெருக்கியது), டிபிஐ, சென்சிட்டிவிட்டி, கேமின் டிகிரி மூன்றையும் பெருக்கி வந்ததால் வகுங்கள். உங்களுக்கு 32.5 செ.மீ. வரும். வலோரன்டில் 1.6 வைத்து விளையாடினீர்களே, அது 10.2 செ.மீ., பம்பரம் சுற்றாமல் என்ன செய்யும்?

கணக்கு வேண்டாம் என்றால் அளந்து பாருங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். பயிற்சி மைதானத்துக்குப் போய் ஒரு கதவு நிலையின் விளிம்பில் திரை நடுவில் இருக்கும் குறியை வையுங்கள். மவுஸின் இடது பக்கம் இருக்கும் இடத்தில் மேசையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இனி மவுஸைத் தூக்காமல், வளையாமல், மெதுவாக வலது பக்கம் இழுங்கள். உலகம் சுற்றிவந்து குறி திரும்பவும் அதே விளிம்பில் வந்து உட்காரும்போது நிறுத்தி, மவுஸின் அதே இடது பக்கத்தில் இன்னொரு டேப். இரண்டு டேப்புக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் எண். பள்ளிக்கூட அடிமட்டம் 30 செ.மீ.யில் முடிந்துவிடும், அதற்கு மேல் போனால் வீட்டில் தையல் மெஷின் லாச்சியில் கிடக்கும் அளவு நாடா உதவும். மூன்று தரம் அளந்து பாருங்கள், முதல் தரம் எல்லோருக்கும் கை வளைந்துதான் போகும். அதன் பிறகு எந்தப் புதுக் கேம் வந்தாலும் அந்த இரண்டு டேப்புக்குள் ஒரு சுற்று அடங்கும்வரை பட்டையைக் கூட்டிக் குறைத்தால் சரி.

அளந்து 34 செ.மீ.க்குச் சரியாக வைத்துவிட்டேன். இரண்டு கேமிலும் ஒரு சுற்று ஒரே தூரம்தான். ஆனாலும் ஒன்றில் கை பதறுகிற மாதிரி, வேகமாகத் தெரிகிறது. மனப்பிரமையா?
வாசகி, தெஹிவளை

பிரமை இல்லை தங்கச்சி, எஃப்ஓவி. திரையில் எத்தனை டிகிரி அகலத்துக்கு உலகம் தெரிகிறது என்பது.

உங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியுமோ தெரியாது, தெரிந்தால் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிப் பாருங்கள், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தெரியும். பத்தடி பின்னால் வந்து நின்றால் ஒரு துண்டுக் கடல்தான். கேம் அந்தத் துண்டை எடுத்து உங்கள் மொனிட்டர் முழுக்கப் பெருப்பித்துக் காட்டுகிறது. பெருத்த படத்தில் எல்லாமே கூடத் தூரம் ஓடும்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவு. கவுண்டர் ஸ்ட்ரைக் அகலத் திரையில் காட்டுவது ஏறத்தாழ 106 டிகிரி. 1920 பிக்சல் அகலமான திரையில், நடுவில், ஒரு டிகிரி திரும்பினால் படம் சுமார் 12.6 பிக்சல் நகர்கிறது. அதே திரையில் 80 டிகிரிப் பார்வை வைத்த ஒரு கேமில் அதே ஒரு டிகிரி சுமார் 20 பிக்சல். கை போனது அதே தூரம், ஆள் திரும்பியது அதே அளவு, கண்ணுக்கு மட்டும் ஒன்றரை மடங்கு வேகம். கண்தானே கையை நடத்துகிறது, பதறத்தான் செய்யும்.

முதலில் பார்க்கவேண்டியது செட்டிங்ஸில் எஃப்ஓவியை மாற்ற விடுகிறார்களா என்பது. விட்டால் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வலோரன்ட் மாதிரி 103இல் பூட்டி வைத்திருந்தால் கவுண்டர் ஸ்ட்ரைக்கோடு ஒப்பிடும்போது வித்தியாசம் சின்னது, ஒரு கிழமையில் கை பழகிவிடும். 80க்கும் 106க்கும் இடையில் மாறி மாறி விளையாடுகிறவர்கள்தான் ஒரு முடிவுக்கு வரவேண்டும்: முழுச் சுற்று ஒரேயளவாக இருக்கவேண்டுமா, அல்லது குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எதிரியின் தலைக்குப் போகும் தூரம் ஒரேயளவாக இருக்கவேண்டுமா. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பின்னால் திரும்பிப் பார்க்கிற வேலை அதிகம் உள்ள கேம் என்றால் நான் முதலாவதை எடுப்பேன்.

ஸ்கோப் (துப்பாக்கியின் தூரக்கண்ணாடி) வைத்தால் மட்டும் எல்லாம் குழம்புகிறது. நெட்டில் எல்லோரும் ஸ்கோப் சென்சிட்டிவிட்டிக்கு 0.82 போடு என்கிறார்கள். ஏன் 0.82?
உயர்தர மாணவன், பம்பலப்பிட்டி

இணைந்த கணிதம் படிக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குப் பத்து நிமிட வேலை.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஏ.டபிள்யூ.பி. என்ற தூரத்துக்குச் சுடும் துப்பாக்கியின் முதல் ஸ்கோப் பார்வையை 90இலிருந்து 40 டிகிரிக்குக் குறைக்கிறது. (இந்த 90 பழைய சதுரத் திரைக் கணக்கு, அகலத் திரையில் அதுவே முன்னர் சொன்ன 106.) சென்சிட்டிவிட்டியையும் கேம் அதே விகிதத்தில் குறைக்கிறது: 40/90, அதாவது 0.444. ஆனால் படம் பெருப்பது கோணத்தின் விகிதத்தில் இல்லை, பாதிக் கோணத்தின் தான்சனின் விகிதத்தில். 20 டிகிரியின் தான்சனை 45 டிகிரியின் தான்சனால் வகுத்தால் 0.364. ஆக, கேம் குறைத்தது போதாது, இன்னும் கொஞ்சம் குறைக்கவேண்டும். 0.364ஐ 0.444ஆல் வகுத்துப் பாருங்கள், 0.819. உங்கள் 0.82 அதுதான். அதைப் போட்டால் குறியை ஒட்டிய சின்னச் சின்னத் திருத்தங்கள் ஸ்கோப்பிலும் வெளியிலும் ஒரே வேகமாக இருக்கும்.

இரண்டாவது ஸ்கோப் 10 டிகிரி. அதற்கு இதே கணக்கைப் போட்டால் 0.787 வரும், ஆனால் கேமில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பட்டைதான், முதலாவதற்கு வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள். இன்னொன்று, வருடக்கணக்காக 1.0இல் விளையாடி ஸ்கோப்பில் சுட வருகிறவர் இதை வாசித்துவிட்டு மாற்றவேண்டியதில்லை. ஓடுகிற ஓட்டோவின் சில்லைக் கழற்றிப் பார்க்கவேண்டுமா?

புது மவுஸ் வாங்கினேன். பெட்டியில் 6400 டிபிஐ என்று இருக்கிறது, மென்பொருள் ஒன்றும் இல்லை, பொத்தானை அழுத்தினால் விளக்கு நிறம் மாறுகிறது. பச்சை என்றால் 800 என்று கடைக்காரர் சொன்னார். பழைய செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே இருந்தும் வேகமாக இருக்கிறது.
வாசகர், கொட்டாஞ்சேனை

பச்சை 800 என்பதைக் கடைக்காரர் நம்பலாம், நீங்கள் நம்பவேண்டாம். மேலே சொன்ன டேப் வித்தையை இங்கே மறுபக்கமாகப் பாவியுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 1.6 வைத்தால் உண்மையான 800 டிபிஐக்கு 32.5 செ.மீ. வரவேண்டும். உங்களுக்கு 27 செ.மீ.தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 800ஐ 32.5ஆல் பெருக்கி 27ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 960. அதுதான் உங்கள் பச்சை. மவுஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை, சென்சிட்டிவிட்டியை அதற்கேற்பக் குறைத்தால் போதும், ஒரே சீராக இருக்கும்வரை அது 960ஆக இருந்தால் என்ன, 800ஆக இருந்தால் என்ன.

அந்த நிறம் மாற்றும் பொத்தானில் மட்டும் கவனம். நான் ஒருமுறை ஒரு நெட் கபேயில் முழு இரவுக்கும் காசு கட்டிவிட்டு உட்கார்ந்து, விடியும்வரை ஒருவனையும் சுட முடியாமல், செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் எழும்பும்போதுதான் பார்க்கிறேன், மவுஸின் விளக்கு நீலத்தில் நிற்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

விண்டோஸில் பொயின்டர் வேகம், "துல்லியத்தைக் கூட்டு" என்ற அந்தச் சரிப்பெட்டி பற்றி இன்னும் நாலுபேர் கேட்டிருந்தார்கள். சரியை எடுத்துவிடுங்கள், பட்டையை நடுவில், ஆறாவது கோட்டில் விடுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான புதுக் கேம்கள் விண்டோஸைத் தாண்டி நேரே மவுஸிடமே கேட்கின்றன, பழைய கேம்களுக்குத்தான் இது முக்கியம்.

எனக்குச் சிங்கப்பூர் சேவரில் பிங் (தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) கூட. அதனால் சென்சிட்டிவிட்டியைக் கூட்டவேண்டுமா?
வாசகர், மட்டக்குளி

வேண்டாம். நீங்கள் திரும்புவது உங்கள் கொம்பியூட்டரிலேயே நடக்கிறது, சிங்கப்பூருக்குப் போய் அனுமதி வாங்கி வருவதில்லை. பிங் கூடினால் சுட்டது படுவதும் படாததும்தான் பிந்தும். மவுஸே இழுபடுகிற மாதிரி இருந்தால் செட்டிங்ஸில் வி-சின்க்கை (படத்தை மொனிட்டரின் வேகத்துக்கு ஒத்துப்போக வைப்பது) அணைத்துப் பாருங்கள்.

மகன் ஏ/எல் எழுதப் போகிறான். இரண்டு நாளாக மேசை முழுக்க டேப் ஒட்டி, என் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் மவுஸை அளக்கிறான். கேட்டால் கணக்குச் செய்கிறேன் என்கிறான். உண்மையா?
ஒரு தாய், வெள்ளவத்தை

உண்மைதான் அம்மா, விகிதசமன். ஆனால் அந்தக் கணக்கு அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், இரண்டு நாள் எடுக்காது. நாடாவைக் கேட்டு வாங்கி வையுங்கள். டேப்பை மட்டும் இரண்டு துண்டாவது விட்டுவிடச் சொல்லுங்கள், பரீட்சை முடிந்து வரும்போது திரும்ப அளக்கத் தேவையிருக்காது.