கப்பலில் டாக்டர் இருக்கிறார், சரி. பில்லை யார் கட்டுவது?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், அதன் பிறகு தொந்தரவு எதுவும் இல்லை. நான்கு மாதம் கழித்துக் குடும்பத்தோடு பத்து நாள் க்ரூஸ் போக, போன வாரம்தான் ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டினோம். நடுக்கடலில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "கப்பலிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, பேக்கேஜில் இன்சூரன்ஸும் சேர்ந்திருக்கிறது, கவலையே படாதீர்கள்" என்கிறார். போன மாதம் அம்மாவின் பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றினார், அது மட்டும்தான் புதிது. நம்பிக் கிளம்பலாமா?

பதில்: அம்மா போகலாமா கூடாதா என்பதை அவருடைய இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறையப் பேர் கப்பலில் போய் நன்றாகத் திரும்பி வருகிறார்கள், அதனால் அந்த ஒரு காரணத்துக்காகப் பயப்பட வேண்டாம். என்னை உறுத்துவது உங்கள் ஏஜென்ட் சொன்ன இரண்டு விஷயங்கள். இரண்டுமே பாதி உண்மை. ஒன்பது வருடம் கப்பல் ரிசப்ஷனில் இருந்தேன், இப்போது காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். இந்த இரண்டையும் நம்பி வந்து கண் கலங்கியவர்களை இரண்டு வேலையிலும் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த ஆஸ்பத்திரி. பெரிய கடல் கப்பல்களில் டாக்டர், நர்ஸ்கள், நான்கைந்து படுக்கை, இ.சி.ஜி., எக்ஸ்ரே, சாதாரண ரத்தப் பரிசோதனை, நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எல்லாம் இருக்கும். ஆஞ்சியோ செய்ய முடியாது, அறுவை சிகிச்சையும் கிடையாது. நோயாளியின் நிலையைத் தாங்கிப் பிடித்து, கரையில் இருக்கும் நல்ல ஆஸ்பத்திரிக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த டாக்டரின் வேலை. பெரும்பாலானவர்கள் அதை அருமையாகவே செய்கிறார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் டிக்கெட் விலையில் இந்தச் சிகிச்சை அடங்காது. இ.சி.ஜி.க்குத் தனி, ஊசிக்குத் தனி, இரவில் போனால் அதற்குக் கூடுதல் என்று எல்லாமே உங்கள் கேபின் கணக்கில் ஏறி, ஏறும்போது கொடுத்த கார்டிலிருந்து எடுக்கப்படும். உங்கள் நாட்டில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டை கப்பலில் செல்லாது. (ஆற்றுக் கப்பல் என்றால் பெரும்பாலும் டாக்டரே இருக்க மாட்டார், ஆனால் கரை பக்கத்திலேயே இருக்கும்.)

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் "ஆல்ஃபா, ஆல்ஃபா" என்று ஒரு கேபின் எண்ணைச் சொன்னார்கள். மருத்துவ அவசரம் என்பதற்குப் பல கப்பல்களில் இதுதான் குறிச்சொல். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கு மாரடைப்பு. நாலு மணிக்கு அவருடைய மகன் செருப்புகூடப் போடாமல் என் கவுன்டருக்கு வந்து, "ஹெலிகாப்டர் எப்போது வரும்?" என்று கேட்டார். ஹெலிகாப்டர் வரவில்லை. கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் பெரும்பாலான மீட்பு ஹெலிகாப்டர்களால் எட்ட முடியாது. எட்டினாலும் பெரும்பாலும் அது கப்பலில் இறங்காது, மேலே நின்றபடி கூடையை இறக்கித்தான் தூக்குவார்கள், காற்றும் இருட்டும் இருந்தால் நோயாளிக்கு அதுவே ஆபத்து. அதனால் கேப்டன் கப்பலைத் திருப்பினார். கரை சேரப் பதினோரு மணி நேரம் ஆனது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் மறக்காதது அதற்கு அப்புறம் நடந்தது. இறங்கு பாலத்தடியில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. கேபின் பணியாளர் அவசரமாகக் கட்டிக்கொடுத்த இரண்டு பெட்டிகளோடு மகன் நிற்கிறார், ஒரு பெட்டியின் ஜிப்பில் சேலை முந்தானை மாட்டித் தொங்குகிறது. மருத்துவ பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, துறைமுக ஏஜென்ட்டின், அதாவது அந்த ஊரில் கப்பலின் வேலைகளைக் கவனிப்பவரின், தொலைபேசி எண் எழுதிய ஒரு அட்டையை அவர் கையில் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் கப்பல் கிளம்பிவிட்டது. மொழி தெரியாத ஊர், முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்கிற தனியார் ஆஸ்பத்திரி. அவர் கையில் ஒரு "இன்சூரன்ஸ்" காகிதம் இருந்தது, டிக்கெட் விற்ற ஏஜென்ட் கொடுத்தது. அதை நான் வாங்கிப் படித்தேன். பயணத்தை ரத்து செய்தால், கட்டிய பணத்தை அடுத்த பயணத்துக்கு வரவு வைப்போம் என்பதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.

உங்கள் பேக்கேஜில் "சேர்ந்திருக்கிற" இன்சூரன்ஸும் அதே வகையாக இருக்குமோ என்றுதான் சந்தேகப்படுகிறேன். ரத்துப் பாதுகாப்பு வேறு, மருத்துவக் காப்பீடு வேறு. இரண்டையும் ஒரே பெயரில், பயணப் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள். இன்று ஏஜென்ட்டுக்குப் போன் செய்யாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்: "அம்மாவின் பெயர் போட்ட பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், முழு நிபந்தனைப் புத்தகம், இந்த மூன்றும் வேண்டும்." ஒரு பக்க விளம்பரத் தாளை அனுப்பினால் அது பாலிசி அல்ல. "அதெல்லாம் கிளம்புவதற்கு முன் வரும்" என்றால் இன்னும் வாங்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அப்படி யாருக்கும் எதுவும் ஆனதில்லை சார்" என்று பேச்சை மாற்றினால், தயவுசெய்து அந்த ஆளிடம் காப்பீடு வாங்காதீர்கள். கப்பல் டிக்கெட்டை ஒருவரிடமும் காப்பீட்டை நேரடியாக வேறொரு நிறுவனத்திடமும் வாங்க எந்தத் தடையும் இல்லை. டிக்கெட்டோடு கூட விற்கும் காப்பீட்டுக்கு ஏஜென்ட்டுக்குத் தனிக் கமிஷன் உண்டு, அதனால்தான் அந்த வேகம். நடுக்கடலில் உங்களுக்குத் தேவைப்படும்போது அவர் போனை எடுக்க மாட்டார், எடுத்தாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

பாலிசியில் என்ன பார்க்க வேண்டும்? வெளிநாட்டு மருத்துவச் செலவு, அவசர இடமாற்றம் (நோயாளியை நல்ல ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோவது), சொந்த ஊருக்குத் திருப்பி அழைத்து வருவது, பயணம் பாதியில் நின்றால் இழப்பீடு. இவை நான்கும் இருக்க வேண்டும், க்ரூஸ் பயணத்துக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்க வேண்டும். சில பாலிசிகளில் க்ரூஸ் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியது, சேர்க்காவிட்டால் கப்பலில் நடந்த எதற்கும் பணம் வராது. இடமாற்றத்துக்கான தொகைதான் பெரிதாக இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் மீட்புக்குப் பல நாடுகளில் பணம் கேட்பதில்லை, ஆனால் அதற்குப் பிறகு நர்ஸோடு கூடிய தனி விமானத்தில் ஒரு நோயாளியை ஊருக்குக் கொண்டுவருவது உங்கள் குடும்பத்தின் மொத்தப் பயணச் செலவைப்போலப் பல மடங்கு ஆகும்.

இப்போது உங்களுக்கு உண்மையிலேயே சிக்கல் தரக்கூடிய இடத்துக்கு வருகிறேன். அது ஸ்டென்ட் அல்ல, அந்த பிரஷர் மாத்திரை. இதை மெதுவாகப் படியுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தர மாட்டோம் என்பது ஏறக்குறைய எல்லாப் பயணக் காப்பீட்டிலும் இருக்கும் விலக்கு. அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கையாள்கின்றன. ஒரு வகை, வாங்கும்போதே கேள்விகள் கேட்கும்: என்ன நோய், எப்போது சிகிச்சை, என்ன மருந்து. உண்மையைச் சொன்னால் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அந்த நோயையும் சேர்ப்பார்கள், அல்லது முடியாது என்பார்கள். இங்கே செய்யக்கூடாதது மறைப்பது. ஏஜென்ட்டே "ஸ்டென்ட்டை எழுதாதீர்கள், பிரீமியம் ஏறும்" என்று சொல்லிக்கொடுப்பதைப் பல முறை கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது, ஏனென்றால் பணம் கேட்கும் நேரத்தில் அவர்கள் அம்மாவின் பழைய மருத்துவப் பதிவுகளை வாங்கிப் பார்ப்பார்கள், மறைத்தது தெரிந்தால் மொத்தப் பாலிசியையே ரத்து செய்ய முடியும்.

இன்னொரு வகை வாங்கும்போது எதுவுமே கேட்காது, பணம் கேட்கும்போதுதான் பின்னால் திரும்பிப் பார்க்கும். பாலிசி எடுத்த நாளுக்கு முந்தைய 60 நாள், 90 நாள், 180 நாள் என்று ஒரு காலம் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் நோய் மாற்றமில்லாமல் இருந்திருந்தால் பணம் உண்டு. புதிய அறிகுறி, புதிய பரிசோதனை, புதிய மருந்து ஏதாவது வந்திருந்தால் இல்லை. ஸ்டென்ட் மூன்று வருடம் பழையது, அது இந்தக் காலத்துக்குள் வராது. பிரஷர் மாத்திரை போன மாதம் மாறியது, அது வரும். டோஸைக் குறைத்தால்கூடப் பல பாலிசிகளில் அது மாற்றம்தான். அம்மா நலமாகிக்கொண்டிருப்பதால் டாக்டர் குறைத்திருப்பார், காப்பீட்டு நிறுவனம் அதையே காரணமாகக் காட்டி "நிலை மாறியிருந்தது" என்று எழுதும். இந்தக் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கெடுவும் இருக்கிறது. இந்த இரண்டாவது வகையில் சில நிறுவனங்கள், பயணத்துக்கு முதல் பணம் கட்டிய நாளிலிருந்து 14 அல்லது 21 நாளுக்குள் பாலிசி எடுத்தால் அந்த விலக்கையே நீக்கிவிடுகின்றன. பொதுவாக வேறு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வாங்கும் அன்று அம்மா பயணம் செய்யத் தகுந்த உடல்நிலையில் இருக்க வேண்டும், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காத பயணச் செலவு முழுவதையும் காப்பீடு செய்ய வேண்டும். செலவைக் குறைத்துக் காட்டினால் இந்தச் சலுகை போய்விடும். முதல் பணம் என்றால் முன்பணம், கடைசித் தவணை அல்ல. நீங்கள் போன வாரம் கட்டியிருக்கிறீர்கள், அப்படியென்றால் இன்னும் சில நாட்களாவது கையில் இருக்கும். "இன்சூரன்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் தள்ளிப்போட்டால் நீங்கள் இழப்பது இந்தச் சில நாட்களைத்தான். உங்கள் நாட்டில் இந்தச் சலுகை தரும் பாலிசி கிடைக்காவிட்டால், முதல் வகைக்குப் போய் மாத்திரை மாறியதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து, இதயமும் பிரஷரும் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

சரி, கப்பல் டாக்டரே தவறு செய்தால்? இந்த அமைப்பு யாருக்காகக் கட்டப்பட்டது என்பது அங்கேதான் தெரியும். டிக்கெட் ஒப்பந்தத்தைப் படியுங்கள், டாக்டர் எங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்று இருக்கும். சீருடை கப்பல் நிறுவனத்துடையது, பில்லும் நிறுவனத்தின் கணக்கில், ஆனால் பொறுப்பு மட்டும் கிடையாதாம். 1988-ல் ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. டாக்டர் செய்த தவறுக்கு நிறுவனத்தின் மீதும் வழக்கு போடலாம் என்று அங்கே இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2014-ல்தான், 26 வருடம் கழித்து. எந்த ஊரில் வழக்கு போடுவது என்பதைக்கூட டிக்கெட்தான் முடிவு செய்யும். நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் பயணி, டிக்கெட்டில் அச்சிட்ட ஊருக்கு வந்துதான் வழக்காட வேண்டும் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்தப் பயணி கைக்கு டிக்கெட் வந்தது பணம் கட்டிய பிறகு. கப்பல் பதிவாகியிருப்பது பஹாமாஸிலோ பனாமாவிலோ மால்டாவிலோ இருக்கும். காலக்கெடுவும் குறுகியது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து போகும் கப்பல்களின் டிக்கெட்டில் வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவித்து, ஒரு வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும் என்றிருக்கும். கடல் பயணிகளுக்கான இழப்பீடு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1974-ன் ஏதன்ஸ் உடன்படிக்கை செல்லும் இடங்களில் இரண்டு வருடம். அதனால்தான் சொல்கிறேன், நீதிமன்றத்தை நம்பி இருக்காதீர்கள், காப்பீட்டை இப்போதே சரிசெய்யுங்கள்.

கப்பலில் இருக்கும்போது வலி வந்தால், நள்ளிரவானாலும் பில்லை நினைத்துக் காலைவரை பொறுக்க வேண்டாம், கேபின் போனில் உடனே கூப்பிடுங்கள். அம்மாவோடு ஒருவர் போகட்டும், இன்னொருவர் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்குப் பேசட்டும். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நீங்களே விமான ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தால் பல நிறுவனங்கள் பணம் தராது. இறங்கச் சொன்னால் விவர பில், டாக்டரின் குறிப்பு, இ.சி.ஜி. நகல் மூன்றையும் வாங்கிக்கொண்டு இறங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கப்பல் வாங்கி வைத்திருந்தால் அதையும். பயண நடுவில் தொடும் எல்லா நாடுகளுக்கும் விசா இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், நோயாளியைப் பெரும்பாலும் அனுமதித்துவிடுவார்கள், கூட நிற்கும் மகனுக்குத்தான் அலைச்சல்.

அம்மாவின் மாத்திரைகள், மருந்துச் சீட்டு, பழைய இ.சி.ஜி. நகல் எல்லாம் அவருடைய கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஏறினால் அது கேபினுக்கு வர மாலை ஆகும். அதேபோல் கடைசி ராத்திரி பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், மறுநாள் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். காலை மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, விடிந்ததும் என் கவுன்டர் முன் வந்து நின்ற பெரியவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்று பேராவது இருந்தார்கள்.