பேரல் (குழல்) மாற்றிய 315 ரைஃபிளில் போல்ட் (பின்பக்கம் மூடும் தண்டு) முழுசா இறங்கலையா?

லக்கை, அதாவது போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் முனையை, அரம் போட்டுத் தேய்க்காதீங்க. போல்ட் கைப்பிடி கடைசிக் கொஞ்சத்தில் நிற்பதற்கு லக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. தேய்த்தால் மேலே இருக்கும் கெட்டித்தோல் போய்விடும், ஒரு பக்கம் மட்டும் பாரம் தாங்கும். அதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

315, லீ என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வகை. இதில் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவில் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடத்தை, தோட்டாவின் விளிம்பை வைத்துத்தான் அளப்பாங்க. பேரலை முறுக்கியபோது அது சரியான கோணத்தில் நிற்காவிட்டால், எக்ஸ்ட்ராக்டருக்காக (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) வெட்டிய பள்ளம் விலகி, எக்ஸ்ட்ராக்டர் பேரல் முகத்தில் முட்டும். என் சந்தேகம் முதலில் இதன்மேல்தான்.

மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று விரல் விட்டுப் பாருங்க. பிறகு எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிவிட்டு போல்ட்டை மூடுங்க. லேசாக இறங்கினால் பள்ளம்தான். அப்போதும் நின்றால் போல்ட் தலையில் மெல்லிசாக நீல மசி தடவி மூடித் திறங்க; மசி எங்கே அழிகிறதோ அங்கேதான் உரசுது.

காலியாக மூடுது, ஆனால் முன்னாடி தோட்டா போட்டபோது மட்டும் நின்றது என்றால் ஹெட்ஸ்பேஸ் போதாமல் இருக்கலாம். அதை உறுதி செய்ய உண்மைத் தோட்டாவை வைத்துச் சோதிக்கவே வேண்டாம்; ஹெட்ஸ்பேஸ் அளக்கும் கேஜ் (அளவுக் கட்டை) வைத்துத்தான் பார்க்கணும். 'கோ' கேஜில் மூடணும், 'நோ-கோ'வில் மூடக்கூடாது.

ஆயுதச் சட்டம் 1959-படி பழுதுபார்க்கவும் உரிமம் வேணும். சாதாரண லேத் பட்டறையில் கொடுத்துடாதீங்க. உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கு உங்க லைசென்ஸோடு எடுத்துட்டுப் போங்க. அதுவரை சுட வேண்டாம்.